சங்குக்கு ஆபரேஷன் நடந்த நாள்

ஆபரேஷன் அறைக்கு வெளியே கிடந்த நீள பெஞ்சில் தறிக்காரனும் அவன் மனைவியும் ஆளுக்கொரு கோடியில் உட்கார்ந்திருந்தார்கள். சண்டை ஒன்றும் இல்லை. குழந்தை வெறும் வயிற்றோடு இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அம்மா பக்கத்தில் வந்தாலே போதும், பால் வாசனைக்கு அது அவள் ஜாக்கெட்டைப் பிடித்து இழுத்தது. அதனால் அவள் தள்ளிப் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். அவன் குழந்தையைத் தோளில் போட்டு முதுகைத் தட்டிக்கொண்டிருந்தான்.

குழந்தைக்குச் சங்கு என்று பட்டப்பெயர். பிறந்த அன்று அது போட்ட கத்தலில், ஷிப்டுக்குச் சங்கு ஊதிவிட்டது என்று பக்கத்து வீட்டுக்காரர் சாப்பாட்டுத் தூக்கோடு ஆலைக்குக் கிளம்பிவிட்டாராம். இந்தக் கதையைத் தறிக்காரன் கேட்டவர்களுக்கும் சொல்வான், கேட்காதவர்களுக்கும் சொல்வான். அப்பேர்ப்பட்ட சங்குக்குத்தான் இப்போது தொடையிடுக்கில் குடல் இறங்கி, அழும்போதெல்லாம் எலுமிச்சங்காய் அளவு புடைத்தது. "சின்ன ஆபரேஷன்தான். ஆனா தள்ளிப் போடாதீங்க. குடல் சிக்கிக்கிட்டா உசுருக்கே ஆபத்து" என்று டாக்டர் சொன்னதிலிருந்து இருவருக்கும் சோறு இறங்கவில்லை. ஒரே நாளில் ரெண்டு பேருக்கும் லீவு கேட்டு அவன் மேஸ்திரியிடம் கெஞ்சாத கெஞ்சல் இல்லை.

ஆஸ்பத்திரியின் அமைதி அவர்களுக்குப் பிடிபடவில்லை. தறிக்கூடத்தில் வரிசை வரிசையாகத் தறிகள் அடிக்கும். வேலை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் அந்தச் சத்தம் காதுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். குடியிருப்பில் எல்லாருமே தறிக்காரர்கள், எல்லாருமே கத்தித்தான் பேசுவார்கள். அங்கே யாருக்கும் காதில் குறை என்று யாரும் சொன்னதில்லை. இங்கே என்னடாவென்றால், "பசிக்குதாடா என் ராசா?" என்று அவன் மெதுவாகக் கேட்டதற்கு வராந்தாவே திரும்பிப் பார்த்தது. காவலாளி உதட்டில் விரலை வைத்துக் காட்டினார். அவனுக்கு வெட்கமாகப் போயிற்று.

கொஞ்ச நேரத்தில், அவர்களுக்கு அப்புறம் வந்த ஒரு பெண் தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். அவன் எழுந்து ஓடினான்.

"சிஸ்டர், எங்களுக்கப்புறம் வந்தவங்களை உள்ள விட்டுட்டீங்களே?"

"உங்க குழந்தையா அது?" நர்ஸுக்குக் கோபம் வந்துவிட்டது. "இந்த வாசல்ல நின்னு தொண்டைத்தண்ணி வத்தக் கூப்பிட்டேன். ரெண்டு பேரும் கல்லுப் பிள்ளையார் மாதிரி உக்காந்திருந்தீங்க. காதுல என்ன பஞ்சா வச்சிருக்கீங்க?"

"வைக்க விடமாட்டாங்க சிஸ்டர்" என்றான் அவன் வெள்ளந்தியாக. "பஞ்சு வச்சா தறி நின்னது தெரியாதுன்னு மேஸ்திரி பிடுங்கிப் போட்டுடுவாரு."

நர்ஸ் அவனை ஒரு மாதிரி பார்த்தாள். அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "என்னமோ போங்க. இன்னைக்கு இனிமே முடியாது. அடுத்த வாரம் வாங்க."

"அடுத்த வாரமா!" பெஞ்சிலிருந்து அவன் மனைவி எழுந்து வந்தாள். "ஐயோ, லீவு குடுக்க மாட்டாங்கம்மா. அதுக்குள்ள பிள்ளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா? ஒரு வார்த்தை டாக்டர்கிட்ட சொல்லுங்கம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

அம்மா பக்கத்தில் வந்துவிட்டாள் அல்லவா, சங்கு ஆரம்பித்துவிட்டது. பசியும் ஆத்திரமும் சேர்ந்து, மூச்சைப் பிடித்து ஊதியது. வராந்தாவில் இருந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். கதவைத் திறந்துகொண்டு டாக்டரே எட்டிப் பார்த்தார். "யார் குழந்தை அது? இப்படிக் கத்தினா குடல் இன்னும் இறங்கிடும். சரி, கடைசியா இதையும் முடிச்சிடலாம்."

நர்ஸ் குழந்தையை வாங்கிக்கொண்டு போனாள். கதவு சாத்தியதும் அவன் மனைவிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் முந்தானையை முறுக்கினாள். இப்போது தள்ளி உட்காரத் தேவையில்லை. அவன் அவளை ஒட்டி உட்கார்ந்தான். காவலாளி இன்னொரு முறை விரலைக் காட்டிவிடக் கூடாதே என்று, சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்து, "அழாதே" என்றான்.

தறிக்கூடத்துப் பேச்சு அது. அங்கே குரலுக்கு வேலை இல்லை, உதட்டையும் கையையும் பார்த்துத்தான் பேச வேண்டும். அவன் புதிதாக வேலைக்குச் சேர்ந்தபோது ஒன்றும் புரியாமல் திருவிழாவில் தொலைந்தவன் போல முழித்துக்கொண்டிருந்தான். எதிர்த் தறியில் நின்ற அவள்தான் ஒவ்வொன்றாகக் கற்றுக்கொடுத்தாள். நூல் அறுந்துபோச்சு, சாப்பிட்டியா, மேஸ்திரி வர்றான். கற்றுக்கொண்ட பேச்சை வைத்தே அவன் ஒருநாள் அவளைக் கேட்டான்: என்னைக் கட்டிக்கிறியா?

அவளுக்குப் புரியவில்லை. நெற்றியைச் சுருக்கிக் கையை விரித்தாள். அவன் வேர்த்து விறுவிறுத்து மறுபடி கேட்டான். அப்போதும் அவள் தலையை ஆட்டினாள். மூன்றாம் முறை வாயை அகலத் திறந்து கேட்டபோதுதான், கூடம் முழுக்கத் தன் வாயையே பார்த்துக்கொண்டிருப்பது அவனுக்குத் தெரிந்தது. கடைசி வரிசையிலிருந்த பெண்கள் கையைத் தூக்கி, "ஒத்துக்கோடி!" என்றார்கள். அத்தனை தறியும் ஓடிக்கொண்டிருக்க, எல்லாரும் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று மேஸ்திரிக்கு மட்டும் விளங்கவே இல்லை. எவ்வளவு நல்ல நாள் அது! கையில் காசில்லை, தலைக்கு மேல் சொந்தக் கூரை இல்லை, ஆனாலும் அன்று சாயங்காலம் இருவரும் ஆலையிலிருந்து வீடு வரை சிரித்துக்கொண்டே நடந்தார்கள்.

டாக்டர் வெளியே வந்து அவன் தோளைத் தொட்டு, முகத்துக்கு நேராகச் சொன்னார். "நல்லபடியா முடிஞ்சுது. தொண்டையில குழாய் விட்டிருந்தோம். குரல் கம்மலா இருக்கும், பயப்படாதீங்க. முழிச்சு அழுதான்னா பால் குடுக்கலாம்."

வார்டில் ஜன்னலோரக் கட்டிலில் சங்கைக் கொண்டுவந்து கிடத்தினார்கள். துணியில் சுற்றி, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி, நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தது. அவள் அதன் தலையைத் தடவினாள். மனசிலிருந்து ஒரு பாரம் இறங்கியதில் இருவருக்கும் தலைகால் புரியவில்லை. குழந்தை தூக்கம் கெடக் கூடாதென்று இங்கேயும் உதட்டாலேயே பேசினார்கள். உதட்டுப் பேச்சுக்கு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆளுக்கொரு ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரெதிரே உட்கார்ந்தார்கள்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றன அவள் உதடுகள். "கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லு."

"அன்னைக்கு எனக்கு மொதத் தடவையே புரிஞ்சுது."

"அடிப்பாவி!" அவன் வாயைப் பிளந்தான். "அப்புறம் ஏன் கூடமே பார்க்க என்னைக் கத்த வச்சே?"

"நீங்க கேக்குறதைப் பார்க்க ஆசையா இருந்துச்சு."

அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினாள். அவன் தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தான்.

யாரோ அவள் தோளைப் பிடித்து உலுக்கினார்கள். அடுத்த கட்டில்காரி. அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

"ஏம்மா, பெத்தவதானே நீ? பிள்ளை எம்மா நேரமா கதறிக்கிட்டுக் கெடக்கு. ரெண்டு பேரும் பக்கத்துலயே உக்காந்து சிரிச்சுக்கிட்டு இருக்கீங்க?"

இருவரும் திரும்பினார்கள். வார்டில் எல்லாரும் அவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் பதறிப்போய்க் குழந்தையைத் தன் பக்கம் திருப்பினாள். முகம் சிவந்து, கண்ணீர் காதுவரை வழிந்து, சங்கின் வாய் அகலத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. அவள் உள்ளங்கையை அதன் நெஞ்சில் வைத்தாள். நெஞ்சு அதிர்ந்தது.

"ஏங்க" என்றாள் அவள். "உங்களுக்குக் கேக்குதா?"

அவன் குனிந்து குழந்தையின் வாயருகே காதை வைத்தான். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தான். பிறகு தலையைத் திருப்பி மறுகாதை வைத்தான்.