சணல் சட்டை

பூமியே அழிந்தாலும் மக்காமல் கிடக்கும் பாலியஸ்டர் சட்டைகளால் மல்சுனின் அலமாரி வெடிக்கக் காத்திருந்தது. மகள் ஹேரிம் அத்தனையையும் தெருமுனையில் பழைய துணி சேகரிக்கும் பெட்டியில் போட்டுவிட்டு, மண்ணுக்குக் கேடில்லாத சணல் சட்டை ஒன்றை நீட்டினாள்.

போன மாதம் மல்சுனின் கணவரை இதே சணல் துணியில் சுற்றித்தான் அனுப்பிவைத்தார்கள். அன்றிலிருந்து அவளுக்கு அழுகையும் வரவில்லை, பசியும் எடுக்கவில்லை.

“இது பொணத்துக்குப் போடுறதாச்சேடி.”

ஹேரிமுக்கு முகம் வெளுத்தது. “ஐயோ, யோசிக்கவே இல்லம்மா. திருப்பி அனுப்பிடுறேன்.”

“இருக்கட்டும். எனக்கு எதுவா இருந்தா என்ன?”

போட்டுக்கொண்டு மரக்கட்டை போல நின்றாள். கொஞ்ச நேரத்தில் கை தானாகக் கழுத்துக்குப் போனது.

“அரிக்குதுடி. உங்கப்பா ஒரு வார்த்தை சொல்லலையே.”

சொல்லிவிட்டு, தேகு நகரமே எட்டிப் பார்க்கும்படி அழுதாள்.