என்னால முடியாது, நீ வா

வேன் தெருமுனையைத் தாண்டுவதற்குள் சின்னவன் என் மடியில் வாந்தி எடுத்துவிட்டான். முன் சீட்டிலிருந்த பாஸ்டர் திரும்பிப் பார்த்தார். சொல்ல வேண்டியதைப் போன மாதமே சொல்லியிருந்தார். "ஊழியத்துக்குப் போறோம் டாக்டரம்மா, உல்லாசப் பயணம் இல்ல. பிள்ளைங்கள வீட்ல விட்டுட்டு வாங்க."

எங்கள் சபையில் பல் டாக்டர் நான் ஒருத்திதான். போன வருஷப் பல் முகாமுக்கு அவர் சொன்னபடியே பிள்ளைகளை ஆறு நாள் விட்டுவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது சின்னவன் என்னைப் பார்த்ததும் அவன் அப்பாவின் காலுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். ஏதோ கடன் வசூலிக்க வந்தவளைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை. இந்த முறை, "அவங்க வந்தாதான் நான் வருவேன், ஐயா" என்று சொல்லிவிட்டேன். கணக்கு வாத்தியாரான என் வீட்டுக்காரரும் லீவு போட்டுவிட்டு, நான்கு நாளைக்கு முப்பத்திரண்டு ஜட்டி என்று கணக்குப் போட்டு எடுத்து வைத்தார். மூன்று வயதுப் பையனுக்கு அது போதவில்லை என்பது அங்கே போன பிறகு தெரிந்தது.

மலையடிவாரத்தில் தகரக் கூரை போட்ட ஒரு ஜெபக்கூடம். அதன் பக்கத்து அறையில் நாற்காலி, விளக்கு, கருவிகள் எல்லாவற்றையும் அடுக்கி வைத்துவிட்டுக் காத்திருந்தேன். முதல் நாள் ஒரு ஈ காக்கைகூட வரவில்லை. அறைச் சாவியை வைத்திருந்த அக்காதான் விஷயத்தைச் சொன்னார். "முன்னாடி ஒரு ஆள் வந்து மரத்துப்போக ஊசிகூடப் போடாம புடுங்கிட்டுப் போயிட்டாரும்மா. வலிக்கவே வலிக்காதுன்னு வேற சொன்னாரு. அதுலேருந்து பல் டாக்டர்னாலே கதவச் சாத்திக்கிறாங்க." பாஸ்டர் சாப்பிடும்போது என்னைப் பார்த்தார், பிறகு தரையில் சோற்றைப் பரப்பி வைத்திருந்த சின்னவனைப் பார்த்தார். நான் குனிந்து அந்தச் சோற்றைக் கூட்டி அள்ளினேன்.

மறுநாள் காலையில், எங்களோடு வந்திருந்த கம்பவுண்டர் அண்ணனின் டார்ச்சைக் காணோம். தேடிக்கொண்டு ஜன்னல் பக்கம் போனால், வாசற்படியில் என் ஆறு வயது மகள் உட்கார்ந்திருக்கிறாள். கையில் டார்ச்சும் ஒரு ஸ்பூனும். எதிரே ஊர்ப் பிள்ளைகள் ஐந்து பேர் வரிசையாக.

"ஆ காட்டு. ஒண்ணு, ரெண்டு, மூணு... உனக்குப் பத்தொம்போது பல்லு இருக்கு. ஒண்ணக் காணோம்."

"விழுந்துடுச்சு."

"எங்க?"

"தெரியல."

"வீட்ல போய்த் தேடு. அடுத்த ஆள் வாங்க."

அடுத்தவளின் வாயை வெகுநேரம் பார்த்துவிட்டு, "இது பெரிய ஓட்டை. உள்ள எங்கம்மாகிட்டப் போ" என்றாள்.

"வலிக்குமா?"

"வலிக்கும். எறும்பு கடிச்ச மாதிரி. அழுதா எங்கம்மா திட்ட மாட்டாங்க. நான் எத்தனையோ தடவை அழுதிருக்கேன்."

அந்தப் பெண் எழுந்து, தானாகவே உள்ளே வந்து நாற்காலியில் ஏறிக்கொண்டாள். அதுதான் என் முதல் கேஸ். மதியத்துக்குள் ஆறு பிள்ளைகள் ஆயிற்று.

பிற்பகலில் ஒரு பெண் வந்து படியோரம் நின்றாள். முந்தானையால் ஒரு பக்கக் கன்னத்தை மூடியிருந்தாள். பிள்ளைகள் எல்லாம் போகும்வரை காத்திருந்துவிட்டு, என் மகளிடம் குனிந்து, "எனக்கும் பாக்குறியா கண்ணு?" என்று கேட்டாளாம். விளையாட்டாகக் கேட்கவில்லை. என் மகள் டார்ச் அடித்துப் பார்த்திருக்கிறாள். எண்ணவில்லை. நேராக உள்ளே ஓடி வந்தாள். அவள் முகம் வெளிறியிருந்தது.

"அம்மா, அந்த அத்தைக்கு ரொம்ப வலிக்குதும்மா. என்னால முடியாது. நீ வா."

ஒன்பது நாள் வீக்கம். தாடை முழுக்கச் சீழ். இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் கழுத்துக்கு இறங்கி மூச்சையே அடைத்திருக்கும். நாற்காலியில் சாய்ந்திருந்த அந்தப் பெண் ஊசியைப் பார்த்ததும் எழுந்துவிடப் போனாள். பாஸ்டர் ஜெபிப்பதற்காகத் தொண்டையைச் செருமினார். அவர் ஜெபம் சுருக்கமாக முடிந்ததாகச் சரித்திரம் இல்லை. அதற்குள் சின்னவன் எங்கள் கால்களுக்கிடையே நுழைந்து வந்து, எச்சில் பண்ணிய பாதி பிஸ்கட்டை அவள் உள்ளங்கையில் வைத்துவிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

"இயேசப்பா, அத்தைக்கு வலி போகணும். எனக்கு வேற பிஸ்கட் வேணும். ஆமென்."

பாஸ்டர் திறந்த வாயை மூடிக்கொண்டார். "அவ்வளவுதான். ஜெபம் முடிஞ்சுது. நீங்க ஆரம்பிங்க டாக்டரம்மா" என்றார். அந்தப் பெண் ஒரு கையால் பிஸ்கட்டையும் இன்னொரு கையால் என் மகளின் கையையும் பிடித்துக்கொண்டு மறுபடி சாய்ந்தாள். சீழ் வடிந்து முடிந்தபோது அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. வலியில்லை என்று தலையை மட்டும் ஆட்டினாள். எனக்கும் கண் மங்கியது. கையுறையோடு துடைக்க முடியாமல் நின்றேன். என் வீட்டுக்காரர்தான் வந்து துடைத்துவிட்டார்.

மூன்றாம் நாள் வரிசை ரோடுவரை நின்றது. பாஸ்டர் டோக்கன் எழுதிக் கொடுத்தார். இடையிடையே சின்னவனை ஒன்றுக்குக் கூட்டிக்கொண்டு போனதும் அவர்தான். "உங்க மகன் என்ன நம்பி வர்றான், டாக்டரம்மா" என்று ஏதோ பட்டம் வாங்கியவர்போல என்னிடம் வந்து சொன்னார்.

கடைசி நாள் மதியம் ஜெபக் கூட்டம். ஜெபக்கூடம் நிறைந்துவிட்டது. பாஸ்டர் எட்டுப் பக்கம் எழுதி வைத்திருந்த பிரசங்கத்தைப் பிரித்து இரண்டாவது வரி படிப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் அது கொட்டிய கொட்டில் அவர் உதடு அசைவதுதான் தெரிந்தது. குரலை உயர்த்திப் பார்த்தார். கையை ஆட்டிப் பார்த்தார். அதற்குள் என் மகள் எழுந்து வெளியே ஓடினாள். அவள் பின்னால் ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேரும். சின்னவன் மட்டும் நேராக முன்னால் போய், பாஸ்டரின் சுண்டுவிரலைப் பிடித்து இழுத்தான்.

அவர் என்னைப் பார்த்தார். அவனைக் கூப்பிட்டுக்கொள்ள நான் எழுந்திருக்கவில்லை. காகிதங்களை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அவன் இழுத்த பக்கம் நடந்தார்.

சேறு தெறிக்கத் தெறிக்க, பாஸ்டரும் பிள்ளைகளும் மழையில் கைகோத்துச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். படியில் அவர் கழற்றி வைத்த இரண்டு கறுப்பு ஷூக்களிலும் மழை நிறைந்துகொண்டிருந்தது.