தலையில்லாத முயல்கள்

அன்று மழை பெய்ததா என்பதே எனக்கு இப்போது நிச்சயமில்லை. திறந்தவெளிச் சந்தையில் எல்லோரும் நனைந்துகொண்டு நின்றதாக ஒரு நினைவு இருக்கிறது. கல்தளத்தில் ரத்தம் திங்கட்கிழமை வரை கழுவப்படாமல் கிடந்ததாகவும் ஒரு நினைவு இருக்கிறது. இரண்டில் ஒன்று பொய்யாகத்தான் இருக்க வேண்டும். மென்னாவே பின்னாட்களில் இதை ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாற்றித்தான் சொன்னாள். வாளியைப் பற்றி மட்டும் அவள் ஒருபோதும் மாற்றிச் சொன்னதில்லை.

ஐம்பத்து நான்காம் வருடத்து இலையுதிர்காலம். வெள்ளிக்கிழமை பிற்பகல் தம்பி எம்லினுக்குத் தேநீர் எடுத்துக்கொண்டு மென்னா மேட்டு வயலுக்குப் போனாள். வேட்டை நாட்களில் அங்கே என்ன இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். முயல் வளைகளின் வாயில் வலை விரித்திருக்கும். முயலை வெளியே விரட்ட, கீரிபோன்ற ஃபெரெட்டை உள்ளே விட்டுவிட்டுத் தம்பி மூச்சுப் பிடித்துக் குந்தியிருப்பான். முயல் பாய்ந்து வலையில் சுருண்டதும் கழுத்தை ஒரே திருகில் முறிப்பான். சூடு ஆறுவதற்குள் வயிற்றைக் கீறிக் குடலை உதறுவான்.

அன்று வலையும் இல்லை, ஃபெரெட்டும் இல்லை. எம்லின் கையில் ஒரு தடி இருந்தது. வேலியோரப் புல்லில் முயல்கள் ஓடாமல் உட்கார்ந்திருந்தன. கண்கள் வீங்கிச் சீழ் கட்டி மூடியிருந்தன. அந்த வருடம் முயல்களிடையே பரவிய நோய். காலடிச் சத்தம் கேட்டு ஒன்று எழுந்தது, இரண்டடி தள்ளாடியது, வேலிக்கல்லில் முட்டிக்கொண்டு நின்றது. எம்லின் அதன் பின்மண்டையில் அடித்தான். அடுத்ததை அடித்தான். ஒன்று சாகாமல் குழந்தைபோலக் கத்தியது. அதைக் காலால் அழுத்திக்கொண்டு மூன்று முறை அடித்தான். வியர்வை வழிய, பல்லைக் கடித்துக்கொண்டு, யார்மீதோ உள்ள கோபம்போல அடித்துக்கொண்டே போனான்.

மென்னா தேநீர்க் குவளையை வேலிக்கல்லில் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தாள். அப்பா செத்ததிலிருந்து அந்த வீட்டில் கேள்வியும் பதிலும் கிடையாது.

சனிக்கிழமை காலை வண்டியில் பதினெட்டு முயல்கள் இருந்தன. எம்லின் தோல் உரித்து, பாதம் வெட்டி, கழுவித் துணியில் சுற்றியிருந்தான். எதற்கும் தலை இல்லை.

அந்தச் சந்தையில் தோலும் பாதமும் இல்லாமல் முயல் விற்கலாம், தலை இல்லாமல் விற்க முடியாது. போர்க்காலத்தில் எவனோ பூனையை உரித்து முயலென்று விற்றிருந்தான். அன்றிலிருந்து வாங்குகிறவர்கள் காதைப் பிடித்துத் தூக்கிப் பார்த்துத்தான் பையில் போடுவார்கள். மென்னா பன்னிரண்டு வருடம் அப்படித்தான் விற்றாள். கடிகாரத் தூணுக்குக் கீழே முதல் மேஜை அவளுடையது. புருஷன் கடலில் மாண்ட பிறகு அவளுக்கென்று இருந்தது அந்த ஆறடி இடமும், மென்னாவிடம் வாங்கினால் நம்பி வாங்கலாம் என்ற பேச்சும்தான்.

"தலை எங்கடா?"

"வாளியில. ஆத்துல கொட்டலாம்னு பார்த்தேன், பாலத்துல போலீஸ்காரன் நின்னான்." எம்லின் குதிரையின் வாரைப் பிடித்துக்கொண்டே பேசினான். "இந்த நோய் மனுசனுக்கு ஒண்ணும் பண்ணாதுன்னு பேப்பர்லயே போட்டிருக்கான், அக்கா. கண்ணைப் பார்த்தாத்தான் வாங்க மாட்டாளுங்க. கண்ணு இல்லேன்னா வெறும் கறிதானே?"

அவள் வாளியைப் பார்த்தாள். மேலே சாக்குத் துண்டு போட்டு மூடியிருந்தது. வேண்டாம் என்று சொல்லச் சந்தை வரை ஒரு மைல் தூரம் இருந்தது. அந்த ஒரு மைலும் அவள் பேசவில்லை. மேஜையில் முயல்களை அடுக்கும்போது கழுத்து வெட்டுகளை உள்பக்கமாகத் திருப்பி வைத்தாள். வாளியைக் காலுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டாள்.

முதலில் வந்தவள் கெசியாக் கிழவி. ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு முயல் வாங்குகிறவள். பழக்கத்தில் காதைத் தேடிய அவள் கை வெறும் கழுத்தெலும்பில் பட்டது.

"என்னம்மா இது, மொட்டைக் கட்டையா இருக்கு? காது எங்க?"

"இன்னிக்கு இப்படித்தான், கெசியாம்மா."

"இப்படித்தான்னா எப்படி?"

பக்கத்து மேஜைக்காரன் கோமர் தலை நீட்டினான். பன்றிக்கறி விற்கிறவன். கடிகாரத் தூணுக்குக் கீழே உள்ள இடத்தின்மீது அவனுக்குப் பல வருடமாக ஒரு கண்.

"மென்னா, இது புல்லு தின்னுச்சா, பாலு குடிச்சுச்சா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"எங்க தெருவுல ரெண்டு பூனையைக் காணோம்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

கோமர் ஒரு முயலைத் தூக்கி விலாவைத் திருப்பிப் பார்த்தான். கசாப்புக்காரனுக்குப் பூனை விலாவும் முயல் விலாவும் தெரியாமல் இராது. முயல்தான் என்று அவன் அந்தக் கணமே தெரிந்துகொண்டதை மென்னா அவன் முகத்தில் பார்த்தாள். தலை ஏன் இல்லை என்பதையும் அவன் தெரிந்துகொண்டான்.

"பூனைதான்!" என்று அவன் உரக்கக் கத்தினான். "இல்லேன்னா தலையைக் காட்டச் சொல்லுங்க!"

கூட்டம் நெருங்கியது. தலையைக் காட்டு, தலையைக் காட்டு என்றார்கள். காட்டினால் பூனைக்காரி என்ற பேர் போய்விடும், சீழ்க்கண் முயலை விற்றவள் என்ற பேர் வரும். காட்டாவிட்டாலும் மேஜை போய்விடும். மென்னாவின் குதிகால் தானாகப் பின்னுக்குப் போய் வாளியில் இடித்தது. தகரம் சத்தமிட்டது.

கோமர் குனிந்தான். மேஜைக்கு அடியில் கைவிட்டு வாளியின் பிடியைப் பற்றினான்.

"கையை எடுடா, பன்னிக்காரா!" எம்லின் வெட்டுக்கத்தியோடு மேஜைக்கு வந்திருந்தான்.

"எடுக்கலேன்னா என்னடா செய்வ, பூனைக்காரா?"

கோமர் இடது கையை மேஜை விளிம்பில் ஊன்றியிருந்தான். எம்லின் வெட்டுக்கத்தியை அந்தக் கையின்மீது போட்டான். இரண்டு விரல்கள் முயல்களுக்கிடையே விழுந்தன. கோமர் உடனே கத்தவில்லை, கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகுதான் கத்தினான். ரத்தம் கெசியாக் கிழவியின் மேலங்கியில் அடித்தது. ஆட்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து பின்வாங்கினார்கள். கோமர் முழங்காலில் சரிந்தான். எம்லின் மேஜையைத் தள்ளிக் கவிழ்த்துவிட்டு அவன்மீது ஏறி நின்று கத்தியை மறுபடி ஓங்கினான். வயலில் இருந்த அதே முகம். பல்லைக் கடித்திருந்தான். ஒரே அடியில் நிறுத்த மாட்டான் என்று மென்னாவுக்குத் தெரியும்.

அவள் கைக்கு எட்டியது வாளி ஒன்றுதான்.

இரண்டு கையாலும் தூக்கித் தம்பியின் முகத்தில் வீசினாள். தகர விளிம்பு நெற்றியைப் பிளந்தது. கத்தி தெறித்தது. அவன் விழுந்தான். அவனுக்கு மேலும் கோமருக்கு மேலும் பதினெட்டுத் தலைகளும் கொட்டிக் கல்தளத்தில் உருண்டன. காதுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. கண்கள் இருந்த இடத்தில் சீழ்க்கட்டிகள் இருந்தன.

கோமரின் முனகல் மட்டும் கேட்டது. கெசியாக் கிழவி காலடியில் வந்து நின்ற ஒரு தலையைப் பார்த்தாள், மென்னாவைப் பார்த்தாள்.

"முயல்தான்," என்றாள் கிழவி. பிறகு காறித் துப்பிவிட்டு நடந்தாள்.

எம்லினுக்கு நான்கு வருடச் சிறை. மூன்றாவது வருடம் வெளியே வந்து லிவர்பூல் துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்தான், ஊருக்குத் திரும்பவில்லை. நெற்றித் தழும்பைப் பற்றி யாராவது கேட்டால் அக்கா போட்டது என்று சொல்வானாம். கோமர் எட்டு விரல்களோடு கடிகாரத் தூணுக்குக் கீழே இருபது வருடம் கறி விற்றுவிட்டு நெஞ்சுவலியில் இறந்தான். கெசியாக் கிழவி அந்தக் குளிர்காலத்தைத் தாண்டவில்லை. மென்னா சந்தைக்கு எதிரே இருந்த பள்ளியில் தரை கழுவும் வேலைக்குப் போனாள், ஓய்வு பெறும்வரை அதையே செய்தாள். அவளை யாரும் பூனைக்காரி என்று சொன்னதில்லை. மேட்டு வயலில் சில வருடம் கழித்து முயல்கள் மறுபடி வந்தன. அந்தச் சந்தையில் அவற்றை யாரும் வாங்கவில்லை.