பக்கத்து வீட்டு மாடிப்படி

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் யோசித்துப் பிடிக்கவில்லை. மாடி அறையை வாடகைக்கு எடுத்தபோது அதோடு சேர்ந்து வந்தது.

எழுதுவதற்கு அமைதியான இடம் தேடித்தான் இந்த ஊருக்கு வந்தேன். இங்கே மாடி அறைகளுக்குக் குறைவே இல்லை. தெருவில் பாதி வீட்டு ஆண்கள் கடல் தாண்டி வேலை பார்க்கிறார்கள். அவர்கள் அனுப்பும் பணம் முதலில் கடனை அடைக்கிறது, பிறகு வீட்டைக் கட்டுகிறது, பிறகு அந்த வீட்டின் தலையில் ஒரு மாடியை ஏற்றுகிறது. அதோடு களைத்துப்போகிறது. மாடியில் குடியிருக்கத்தான் ஆள் இருப்பதில்லை. (பூட்டிய அறை, உள்ளே பிளாஸ்டிக் உறை பிரிக்காத கட்டில். எந்த மாடியைத் திறந்தாலும் இதுதான்.)

பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறிய முதல் நாளே எனக்கு மூச்சு வாங்கவில்லை. எல்லாப் படியும் ஒரே உயரம். டைல்ஸ் இணைப்புகள் நூல் பிடித்தாற்போல் இருந்தன. வீட்டுக்காரம்மாவிடம் சொன்னேன்.

"படி பிரமாதமா இருக்குங்க."

அவர் பக்கத்து வீட்டைக் காட்டிச் சிரித்தார். "எல்லாம் அந்த வீட்டு அண்ணனோட கைங்கரியம்."

"கொத்தனாரா?"

"டைல்ஸ் ஒட்டுறவர். ஆனா அவர் இங்க இல்ல, வெளிநாட்டுல இருக்காரு. இது எங்க வீட்டுப் படின்னே அவருக்குத் தெரியாது."

இந்த வாக்கியத்தைக் கேட்ட பிறகு எனக்கு அமைதியான இடம் எதற்கு?

2

தொடக்கம் சரியாக வரவில்லை. கிழித்துப் போட்டவற்றில் சில:

'வானத்தில் ஒரு விமானம் போனது. அவள் அண்ணாந்து—'

இல்லை. இந்தத் தெருவில் யாரும் விமானத்தை அண்ணாந்து பார்ப்பதில்லை. குனிந்து போனைத்தான் பார்க்கிறார்கள்.

'பிரிவு என்பது ஒரு—'

இதை வாசித்துக் காட்டியபோது கதையின் நாயகியே கொட்டாவி விட்டார்.

நாயகி என்பது அந்தப் பக்கத்து வீட்டுப் பெண்மணி, டைல்ஸ்காரரின் மனைவி. வேன் ஓட்டுகிறார். 'ஓட்டுநர்' என்றே அவரைக் குறிப்பிடப்போகிறேன். அந்தப் பெயரை அவர் சும்மா வாங்கவில்லை. எழுத எழுத அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்பது நிபந்தனை. வண்டியைக் கழுவிக்கொண்டே கேட்பார். பிடிக்காத இடத்தில் வாளியை டங்கென்று வைப்பார்.

3

டைல்ஸ்காரர் வெளிநாட்டில் குளியலறை குளியலறையாக ஒட்டி அனுப்பிய பணத்தில் வீடு எழுந்தது. போன விடுமுறை முடிந்து கிளம்பும்போது, "இனிமே அனுப்புறதெல்லாம் மாடிக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். வீட்டின் உச்சியில் மாடித் தூண்களுக்காக விட்ட கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்தன. மனைவி அவற்றில் கயிறு கட்டித் துணி உலர்த்தினார்.

பணம் வந்தது. அதே சமயத்தில் டவுனுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரே பஸ் நின்றுபோனது. ஊரில்தான் எல்லாருக்கும் வசதி வந்துவிட்டதே, சொந்த வண்டியில் போய்க்கொள்வார்கள் என்று நினைத்தார்களோ என்னவோ. வண்டி இருந்தது. வீட்டுக்கு வீடு மோட்டார் சைக்கிள் உறை போட்டு நின்றது. ஓட்ட வேண்டியவர்கள்தான் இல்லை. மருந்து வாங்க வேண்டுமென்றால் வாடகைக் காரைக் கூப்பிட வேண்டும். அனுப்பிய பணத்தைப் பேங்கில் போய் எடுக்கக்கூட அதே கார்தான்.

அவர்களுடைய மகள் டவுனில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். தினமும் காருக்குக் கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை. ஒரு நாள், "படிச்சது போதும்மா" என்று சொல்லிவிட்டுப் புத்தகங்களைக் கட்டிப் பரணில் போட்டுவிட்டாள்.

'அந்த நொடியில் அந்தத் தாயின் உலகமே இருண்டது' என்று எழுதியிருந்தேன்.

வாளி டங்கென்றது. "இருளவெல்லாம் இல்ல சார். கோவம் வந்துச்சு. ஏணி போட்டு ஏறி எல்லாத்தையும் கீழ இறக்கினேன். அப்புறம் பேங்குக்குப் போனேன்."

மாடிக்கென்று வந்த பணத்தில் ஒரு பழைய வேன் வாங்கினார். (அதே தெருவில் இன்னும் மூன்று பெண்கள் கூட்டுச் சேர்ந்தார்கள். அவர்களுடைய மாடிகளும் இந்த வேனுக்குள்தான் இருக்கின்றன. அவை தனிக்கதைகள். எல்லாவற்றையும் ஏற்றினால் வண்டி தாங்காது.) ஓட்ட ஒரு ஆளைப் போட்டார்கள். அவன் இவர்கள் வேனில் கை பழகிக்கொண்டு, விசா வந்ததும் வெளிநாட்டுக்கே டிரைவராகப் போய்விட்டான். வேறு ஆள் தேடினார்கள். ஓட்டத் தெரிந்தவர்கள் எல்லாரும் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள். கடைசியில் அவரே போய்ப் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தார்.

4

இங்கேதான் எனக்கு நாயகி மேல் சந்தேகம் வந்தது. கணவரிடம் இவ்வளவையும் மறைத்தவரை வாசகர்களுக்கு எப்படிப் பிடிக்கும்? அவரிடமே கேட்டேன்.

"பொய்யே சொல்லலையே சார். மாடிப்படி கட்டுறாங்கன்னு சொன்னேன். கட்டத்தான் செஞ்சாங்க. யாரு வீட்டுலன்னு அவர் கேக்கல."

அப்போது என் வீட்டுக்காரம்மா மாடி கட்டிக்கொண்டிருந்தார். டைல்ஸ்காரர் வீடியோவில் வந்து, "வேலை எவ்வளவு தூரம் ஆச்சு, காட்டு" என்பார். மனைவி போனோடு இரண்டு வீட்டுக்கும் நடுவிலிருக்கும் குட்டைச் சுவரைத் தாண்டி இந்தப் பக்கம் வந்து, சுவரை ஒட்டி எழும்பும் படியை மட்டும் காட்டுவார். ஒரு முறை காட்டிவிட்டால் போதும் என்று நினைத்திருக்கிறார். டைல்ஸ்காரருக்குப் போதவில்லை.

"போனைக் கீழ இறக்கு. இன்னும் கொஞ்சம். மூணாவது படி வலது பக்கம் சரியுது பாரு. கொத்தனாரைக் கூப்பிடு."

கொத்தனார் வந்து, "சொல்லுங்கண்ணே" என்றாராம்.

"தண்ணி ஊத்துப்பா."

ஊற்றினார். தண்ணீர் வலப்பக்கமாக ஓடியது.

"பெயர்த்துட்டு மறுபடி ஒட்டு. எங்கிட்டயேவா?"

கொத்தனார் வீட்டுக்காரம்மாவைப் பார்த்தார். வீட்டுக்காரம்மா, பேசாமல் பெயர்த்துவிடும்படி கண்ணைக் காட்டினார். அன்றிலிருந்து தினமும் மேற்பார்வை. படி முடிந்ததும் வீட்டுக்காரம்மா ஓட்டுநரின் காதில் கிசுகிசுத்தாராம்: "இப்படியே எங்க பாத்ரூமையும் ஒரு தடவை பாக்கச் சொல்லேன்டி."

அதையும் பார்த்தார். அறையின் தரையையும் பார்த்தார். இந்த வட்டாரத்திலேயே நல்ல மாடி அப்படித்தான் உருவானது. கொத்தனாரை டீக்கடையில் பார்த்துக் கேட்டேன். "கூலி ஒரு வீட்டுல சார், திட்டு ரெண்டு வீட்டுல" என்றார்.

5

இந்த இடத்தில் ஒரு பிரச்சினை. டைல்ஸ்காரர் திரும்பி வரும் காட்சியை எப்படி எழுதலாம் என்று மேசையில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் கண்கள் கலங்குமா, குரல் உயருமா, இல்லை—

கதவு திறந்தது.

கையில் பெரிய பை. தோளில் இன்னொன்று. வெயிலில் கறுத்த முகம் நிறையச் சிரிப்பு. சொல்லாமல் கொள்ளாமல் விடுமுறையில் வந்திருக்கிறார். வாடகைக் கார் தெருமுனையில் இறக்கிவிட, போனில் பார்த்த சுவரோரத்துப் படியை அடையாளம் வைத்து, நேராக ஏறி வந்துவிட்டார். என்னைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"யார் நீங்க? எங்க மாடியில என்ன பண்றீங்க?"

உங்களைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று எப்படிச் சொல்வது? பேனாவைக் காட்டினேன். அது பதிலாகாது.

சத்தம் கேட்டு வீட்டுக்காரம்மா கீழிருந்து ஏறி வந்தார். "அண்ணே! எப்ப வந்தீங்க?"

"தங்கச்சி, நம்ம வீட்டுல யாரு இவரு?"

"நம்ம வீடு இல்லண்ணே. எங்க வீடு" என்றார் அவர், பாதிக் குரலில். பிறகு கையை மட்டும் பக்கத்து வீட்டை நோக்கி நீட்டினார்.

டைல்ஸ்காரர் எட்டிப் பார்த்தார். தன் வீட்டைப் பார்த்தார். உச்சியில் கம்பிகள் அப்படியே நின்றன. ஒன்றில் அவருடைய பழைய சட்டை ஆடிக்கொண்டிருந்தது.

கீழே இறங்கினார். நானும் பின்னாலேயே ஓடினேன். தன் வீட்டு வாசலுக்குப் போனால் பூட்டு. அப்போது தெருமுனையில் ஹாரன் கேட்டது. டவுனிலிருந்து பெண்களை நிறைத்துக்கொண்டு வேன் திரும்பி வந்தது. ஸ்டியரிங்கில் அவர் மனைவி.

வண்டி குலுங்கி நின்றது, எஞ்சினும் அணைந்துபோனது.

(முதலில் எழுதியது: 'அவர் உறுமினார்.' ஓட்டுநர் சொன்னது: "உறும அவர் என்ன புலியா? அந்த வரியை அடிச்சுடுங்க.")

நடந்தது இதுதான். இருவரும் கண்ணாடி வழியாக ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் ஓட்டுநர் தலையை வெளியே நீட்டினார்.

"சாவி எங்கிட்ட இருக்குங்க. இன்னும் ரெண்டு தெரு இறக்கணும். ஏறுங்க."

ஏறினார். வேறு என்ன செய்ய முடியும்? நானும் ஏறிக்கொண்டேன். உள்ளே அத்தனை பெண்களும் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். யாரோ நகர்ந்து இடம் கொடுத்தார்கள். பின்னாலிருந்து வெள்ளைச் சீருடையில் மகள் எழுந்து வந்தாள். அப்பாவைக் கட்டிக்கொள்ளத்தான் வந்திருப்பாள். அந்த முகத்தைப் பார்த்ததும் பயந்துபோய், தினமும் செய்கிற வேலையைச் செய்தாள். கையை நீட்டினாள்.

"அப்பா… டிக்கெட்."

அவர் சட்டைப்பையைத் துழாவினார். உள்ளூர்ப் பணம் முழுக்க வாடகைக் காருக்குப் போயிருந்தது. வெளியே வந்தது ஒரு வெளிநாட்டு நோட்டு.

மகள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது இங்க செல்லாதுப்பா."

பின் சீட்டில் யாரோ களுக்கென்றார்கள். அடக்கப் பார்த்தார்கள், முடியவில்லை. அது அடுத்த சீட்டுக்குத் தாவியது. வண்டியே சிரித்தது. கடைசி சீட்டிலிருந்து ஒரு பெண், "அண்ணனுக்கு நான் எடுக்கிறேன்!" என்று காசை முன்னால் அனுப்பினார்.

டைல்ஸ்காரர் மட்டும் சிரிக்கவில்லை. டிக்கெட்டை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

6

இந்தப் பகுதி சின்னது. ஓட்டுநர் வாளியில்லாமல் உட்கார்ந்து சொன்னது.

அன்று சாயங்காலம் கணவர் கேட்ட முதல் கேள்வி பணத்தைப் பற்றியது அல்ல.

"நம்ம படியே இல்லையே. அப்புறம் ஏன் அதைப் பெயர்க்க விட்டே?"

"நீங்க சொன்னீங்க. கோணலாத்தானே இருந்துச்சு."

"தெரு முழுக்கத் தெரிஞ்சிருக்கு. எனக்கு மட்டும் தெரியல."

"சொல்லியிருந்தா வேண்டாம்னிருப்பீங்க."

"ஆமா. வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன்."

"அதான் சொல்லல."

பிறகு அவர் சொன்னாராம்: "அங்க ஒரே ரூம்ல பத்துப் பேரு. கட்டில் மேல கட்டில். கண்ணை மூடினதும் அந்த மாடிக்கு வந்துடுவேன். சன்னலைத் தொறந்து வெச்சுக்கிட்டுப் படுப்பேன். தெனமும்."

அந்த மாடியில்தான் நான் தூங்குகிறேன்.

7

இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. மகள் நடுவில் நின்று, "அப்பா சாப்பிட வரலாமாம்", "அப்பாவுக்கே தெரியுமாம்" என்று தூது போய்க்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் அவருக்குப் பேங்கில் வேலை. பேங்க் டவுனில். டவுனுக்குப் போக ஒரே வண்டி. உர்ரென்று வந்து முன் சீட்டில், மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் பின்னால் இருந்தேன். இந்தக் கதைக்காக எதையும் தவறவிடுவதில்லை என்று முடிவு செய்திருந்தேன்.

கடைத்தெருவில் சந்து குறுகும் இடத்தில் எதிரே ஒரு லாரி வந்துவிட்டது. லாரிக்காரர் பின்னால் போகச் சொல்லிக் கையை ஆட்டினார். பின்னால் பள்ளிப் பிள்ளைகள் வந்துகொண்டிருந்தார்கள். ஓட்டுநர் எஞ்சினை அணைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்.

"யம்மா, ஓட்டத் தெரியலன்னா எறங்கும்மா, நான் எடுத்து வுடுறேன்!" என்று லாரிக்காரர் கத்தினார்.

அவ்வளவுதான். டைல்ஸ்காரர் சன்னல் வழியாக இடுப்பு வரை வெளியே போய்விட்டார்.

"யாருக்கு ஓட்டத் தெரியாது? யோவ்! ஓட்டுறது யாருன்னு தெரியுமா? எம் பொண்டாட்டி! எடுய்யா பின்னால!"

லாரி மெல்லப் பின்னால் நகர்ந்தது. ஓட்டுநர் சுவருக்கும் சாக்கடைக்கும் நடுவே, பார்த்தால் நமக்கே உடம்பைக் குறுக்கத் தோன்றும் இடைவெளியில், வேனைக் கொண்டுபோனார். உள்ளே ஒரே கைதட்டல். டைல்ஸ்காரர் பின்னால் திரும்பி எங்களிடம், "பார்த்தீங்கல்ல? பார்த்தீங்கல்ல?" என்று ஒவ்வொருவராகக் கேட்டார். தான் கோபத்தில் இருப்பது அப்போதுதான் ஞாபகம் வந்து, மறுபடி உர்ரென்று முன்னால் திரும்பினார். அந்தக் கோபம் நிற்கவில்லை. சிரிப்பில் தோள் குலுங்கியது. மனைவிக்கும் குலுங்கியது. வண்டி நேராகப் போனதே பெரிய விஷயம்.

8

இப்போது முடிவு. விடுமுறை முடிகிறது. இன்னொரு வேன் வாங்கலாம் என்று பெண்கள் பேசிக்கொள்கிறார்கள். அதற்கு ஓட்ட ஆள் இல்லை. டைல்ஸ்காரர் மனைவியிடம் வண்டி ஓட்டக் கற்றுக்கொள்கிறார். (பாடம் நடக்கும் நேரத்தில் தெருவில் கோழிகூட நடமாடுவதில்லை.) கம்பெனியிலிருந்தும் போன் வந்துகொண்டே இருக்கிறது. போவாரா, இருப்பாரா?

முதல் முடிவில் அவர் போகிறார். வழியனுப்பத் தெரு முழுக்க வேனில் ஏறிக்கொள்கிறது. வழியெல்லாம் பாட்டு. இரண்டாவதில் விமான டிக்கெட்டைக் கிழித்து— இந்தக் காலத்தில் யார் கிழிக்கிறார்கள்? போனில் ஒரு இடத்தை அழுத்துகிறார். அதில் என்ன நாடகம் இருக்கிறது?

இரண்டையும் வாசித்துக் காட்டினேன்.

"ரெண்டுலயும் அவரே முடிவு பண்றாரே சார். நான் எங்க?" என்றார் ஓட்டுநர்.

சரி என்று, ஓட்டுநர் முடிவெடுப்பதுபோல் மூன்றாவது எழுதினேன். டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்த டைல்ஸ்காரர் நிமிர்ந்தார். "அப்ப நான் எங்க?"

எழுதியதை எல்லாம் மடித்து வைத்துவிட்டேன்.

இன்று காலையிலிருந்து இருவரும் வேனுக்குள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். கண்ணாடிகள் ஏற்றியிருக்கின்றன. இந்தத் தெருவில் யார் காதிலும் விழாமல் பேச வேறு இடமில்லை. மகள் வாசலில் நிற்கிறாள். வீட்டுக்காரம்மா பெருக்கிய இடத்தையே பெருக்குகிறார். கொத்தனார் வேலையில்லாமலே வந்து நிற்கிறார். நான் சன்னலோரம் உட்கார்ந்து, பார்ப்பதை அப்படியே எழுதுகிறேன். ஓட்டுநர் விரலை மடக்கி மடக்கி ஏதோ சொல்கிறார். டைல்ஸ்காரர் தலையாட்டுகிறார், பிறகு அதைவிட வேகமாக மறுக்கிறார். இப்போது அவர் பேசுகிறார். ஓட்டுநர் வாயைப் பொத்திக்கொள்கிறார், அழுகையா சிரிப்பா என்று இங்கிருந்து தெரியவில்லை. சிரிப்புதான். ஓட்டுநர் சந்தோஷத்தில் கையை ஓங்கி ஸ்டியரிங்கில் தட்ட, ஹாரன் அலறுகிறது. தெருவே ஒரு அடி முன்னால் போகிறது.

கண்ணாடி இறங்குகிறது. என்னவோ சொல்லப்போகிறார்கள். மன்னியுங்கள், இங்கிருந்து கேட்காது, நான் கீழே ஓட வேண்டும். மிச்சத்தை நீங்களே—