மூச்சு முட்டிய வண்டி

“எண்ணெய் குடிக்கிற சனியனை என் தலையில கட்டிட்டு, இப்ப நல்லவன் மாதிரி வந்து நிக்கிறியா மாப்ள?”

“வித்த அன்னைக்கு ஒரு சொட்டு ஒழுகல மாமா. எஞ்சினை நானே இறக்கி ஏத்தினேன். திறந்து பாக்கவாவது விடுங்க.”

“கை வெச்சுப் பாரு, நாளைக்கே வண்டி பழைய இரும்புக் கடையில நிக்கும். நீயும் இனிமே இந்தப் பக்கம் வராத.”

இருவருக்கும் நடுவில் நின்றவள் கிளட்ச் அக்கா. கார் ஓட்டக் கற்றுத் தருபவள். ஓயாமல் “கிளட்ச், கிளட்ச்” என்று கத்துவதால் தெரு வைத்த பெயர். எகிறியவர் அவள் கணவர், குழாய் வேலைக்காரர். பதில் சொன்னவன் அவள் தம்பி, மெக்கானிக். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உள்ளே சிலையாக உட்கார்ந்திருந்தவள் அன்றைய மாணவி, மருந்துக்கடைக்காரி. எதிர்வீட்டு ஜன்னல்கள் எல்லாம் தற்செயலாகத் திறந்திருந்தன.

அக்காவுக்குப் பிழைப்பே அந்த ஒரு வண்டிதான். கசிந்த எண்ணெய் கிளட்சில் இறங்கி மேட்டில் வண்டி நழுவத் தொடங்கியதும், மாணவர்களும் நழுவத் தொடங்கினார்கள். வண்டி போனால் தொழில் போகும். தம்பி போனால் பிறந்த வீடென்று சொல்லிக்கொள்ள யாருமில்லை. அதனால்தான் கணவருக்குத் தெரியாமல் அவனை வரவழைத்தாள். மனுஷன் அன்றைக்கென்று சாப்பாட்டுக்குச் சீக்கிரம் வந்து தொலைத்தார்.

“ஏங்க, பாத்துட்டுப் போகட்டும். அப்புறம் எந்தக் கடைக்கு வேணா தள்ளிக்கிட்டுப் போங்க” என்று அவளே பானெட்டைத் தூக்கினாள்.

தம்பி எஞ்சினை ஓடவிடச் சொன்னான். எண்ணெய் ஊற்றும் வாயின் மூடியைக் கழற்றி, திறந்த வாயின்மேல் ஒரு செய்தித்தாள் துண்டை வைத்தான். தாள் துள்ளிப் பறந்து மாமாவின் சட்டையில் பொட்டு வைத்தாற்போல் ஒட்டிக்கொண்டது.

“உள்ள காத்து அடைபட்டுக் கிடக்கு” என்றவன் விரலால் தடவித் தேடினான். ரப்பர் குழாய் இருக்கவேண்டிய இடத்தில் வெள்ளை மூடி, சுற்றிலும் டேப். இன்னொரு குழாயிலும் அப்படியே.

“இது யார் வேலை?”

டேப் சுற்றிய அழகைப் பார்த்தாலே தெருவுக்குத் தெரியும். குழாய்க்காரருக்குக் கசிவென்றால் தன்மானப் பிரச்சினை. விருந்துக்குப் போன வீட்டில் குழாய் சொட்டினால் காப்பியைக்கூடத் தொடமாட்டார். முன்பொரு நாள் எஞ்சினில் ஒரு ரப்பர் குழாய் விரிசல் விட்டுச் சீட்டியடித்தது. பிடுங்கி இரு முனையையும் மூடினார். பிறகு காற்று வடிகட்டிப் பெட்டியில் எண்ணெய் ஈரம் தெரிந்தது. அங்கே போகும் குழாயையும் அடைத்தார். அதன் பிறகு எஞ்சின் எல்லா மூட்டிலும் கசிந்தது. பழி மட்டும் மைத்துனன் தலையில்.

“ஒழுகிச்சு, அடைச்சேன்” என்றார்.

“எரியிற புகை கொஞ்சம் பிஸ்டன் ஓரமா கீழ இறங்கும் மாமா. குழாய் முனையில இருக்கிற இந்தச் சின்ன வால்வுதான் அதை இழுத்து மறுபடி எரியவிடும். வழிய அடைச்சா அது எண்ணெயைத் தள்ளிக்கிட்டுத்தான் வெளிய வரும்.”

அவர் குனிந்து வால்வைப் பார்த்தார். “அப்ப கழிவுத் தொட்டிக்கு நான் வெக்கிற காத்துக் குழாய் மாதிரி.”

“அதேதான்.”

“காத்துக் குழாய் வெக்காம ஒரு வீடு முடிச்சதில்லடா நான்.” குரல் இறங்கியது. “ஆனா அது புகையை வானத்துல விடும். இது தன் புகையைத் தானே தின்னுதா?”

தம்பி பட்டறைக்குப் போய்ப் புது வால்வோடு வந்தான். கட்டைவிரல் அளவுதான். குலுக்கினால் கிலுகிலுத்தது, பழையதோ கறுப்புப் பிசினேறி ஊமையாகிவிட்டிருந்தது. மாட்டினான், புதுக் குழாய்களைப் பொருத்தினான், மறுபடி தாளை வைத்தான்.

தாள் நடுங்கியது. பிறகு மெல்ல நடுவில் குழிந்து, வாயோடு ஒட்டி நின்றது.

இத்தனை வருஷம் மிதித்து, முடுக்கி, திட்டி ஓட்டிய இரும்பு, தாளை உள்ளுக்கு இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்ததை அக்கா பார்த்தாள். மூச்சுவிடும் ஒன்றின்மேலா இவ்வளவு காலம் உட்கார்ந்திருந்தோம் என்று அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. கணவர் தாளை எடுத்துவிட்டு உள்ளங்கையை வைத்தார்.

“இழுக்குதுடி” என்றார், தூங்கும் குழந்தைப் பக்கத்தில் பேசுவதுபோல. பிறகு மைத்துனனைப் பார்க்காமல், “சாப்பிட்டுட்டு ஒழுகுற ஆயில் சீல் எல்லாத்தையும் மாத்து. ஸ்பேனர் நான் எடுத்துத் தரேன்.”

புதுக் கிளட்சோடு வண்டி மேடேறியது, மாணவர்கள் திரும்பினார்கள். மருந்துக்கடைக்காரி ஓட்டக் கற்றாளோ இல்லையோ, பட்டறைப் பக்கம் அடிக்கடி போனாள். அவளும் தம்பியும் கல்யாணம் செய்துகொண்டு ஒரு துறைமுக நகரத்துக்குக் குடிபோனார்கள்.