படத்தில் இல்லாத தையல் மெஷின்

கொழும்பில் புகைப்படக் கலை படிக்கும் ஷாமிலாவை வகுப்போடு ஒரு செய்திப் புகைப்படக் கண்காட்சிக்கு அழைத்துப் போயிருந்தார்கள். நடுச்சுவரில் ஆள் உயரத்துக்கு மாட்டியிருந்த படத்தின் முன்னால் கூட்டம் நின்றது. தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில், எரிந்துபோன ஒரு காம்பராவின் சாம்பலில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மடியில் சின்னப் பிள்ளை காலுக்குப் போடும் சப்பாத்து ஒன்று, கருகிப்போய். கீழே மூன்று மொழிகளிலும் எழுதியிருந்தது: 'பிள்ளையின் சப்பாத்தோடு ஒரு தாய். தலவாக்கலை.'

ஷாமிலாவுக்கு அந்த முகத்தைச் சிறுவயதிலிருந்தே தெரியும். ஊரில், அதே தோட்டத்தில் அவள் வீட்டுக்கு இரண்டு காம்பரா தள்ளி இருந்த மெரினா. கல்யாணம் ஆகாதவள். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஸ்கூல் சீருடை தைத்துப் பிழைத்தவள். போன வருஷம் மின்கசிவால் லயம் எரிந்தபோது யாருக்கும் ஒரு காயம்கூட இல்லை.

விரிவுரையாளர் கூரை ஓட்டை வழியாக விழுந்த வெளிச்சத்தை விளக்கிக்கொண்டிருந்தார். இவ்வளவு நேர்மையான படத்தை இந்த வருஷம் பார்க்கவில்லை என்றார். ஷாமிலாவால் அதற்கு மேல் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. வெளியே போய் மெரினாவுக்குப் போன் செய்தாள்.

மெரினா எதையும் மறைக்கவில்லை. தீ அணைந்த மறுநாள் கொழும்பிலிருந்து ஒருவர் கேமராவோடு வந்தாராம். கருகிக் கிடந்த தையல் மெஷினைக் காட்டி அவள் அழுதாளாம். அவர் அதைப் படமெடுக்கவில்லை. பக்கத்துக் காம்பராப் பையன் கிஷாந்தின் சப்பாத்தைப் பொறுக்கி வந்து மடியில் வைத்து, கேமராவைப் பார்க்க வேண்டாம் என்றாராம்.

"ஏன்க்கா ஒத்துக்கிட்டீங்க?"

"ஒதவி கெடைக்கும்னாரு. கெடைச்சிச்சு. ரெண்டு சாக்கு நெறைய சின்னப் புள்ளைங்க சப்பாத்து அனுப்பியிருந்தாங்க. மெசினப் பத்தி ஒருத்தரும் கேக்கல."

ஷாமிலா உள்ளே திரும்பி வந்தாள். அந்தப் படத்தை எடுத்தவர் விருந்தாளியாக வந்து, மாணவர்கள் நடுவில் நின்று கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். ஷாமிலா எல்லோருக்கும் கேட்கும்படி, இந்தப் பெண்ணுக்குப் பிள்ளையே இல்லை என்று சிங்களத்தில் சொன்னாள். அவர் தடுமாறினார். விவரம் பிழையாக இருக்கலாம், ஆனால் அந்தத் துயரம் பொய்யில்லை என்றார்.

"துயரம் பொய்யில்ல சேர். அவங்க அழுதது மெசினுக்காக. அது ஒங்களுக்குப் போதலையா?"

அவர் அடுத்த மாணவரின் கேள்விக்குத் திரும்பினார். விருந்தாளியிடம் இப்படியா பேசுவது என்று விரிவுரையாளர்தான் கடிந்துகொண்டார்.

இரண்டு நாள் கழித்து அவள் மறுபடி போய்ப் பார்த்தாள். ஏற்பாட்டாளர்கள் படத்துக்குக் கீழே இருந்த எழுத்தை மட்டும் கழற்றியிருந்தார்கள். படம் அப்படியே இருந்தது. அதன் முன்னால் ஒரு கணவனும் மனைவியும் நின்றார்கள். பாவம், பிள்ளை தீயில் போயிருக்கும் என்று மனைவி தாழ்ந்த குரலில் சொன்னாள். எழுத்து இருந்தபோதாவது பிள்ளை சாகவில்லை. இப்போது பார்ப்பவர்களே கொன்றுவிடுகிறார்கள் என்று ஷாமிலா நினைத்தாள்.

அவர்களிடம் போய் மெரினாவின் பெயரைச் சொன்னாள். தையல் மெஷினைப் பற்றிச் சொன்னாள். அவர்கள் அவளை நம்பாமல் பார்த்தார்கள். போனில் மெரினாவின் படத்தைத் தேடி எடுத்துக் காட்டினாள். கழுத்தில் அளவு நாடாவோடு சிரித்துக்கொண்டிருந்தாள் மெரினா.

ஆட்களைத் தொந்தரவு செய்யக் கூடாது, தள்ளிப் போங்கள் என்றார் காவலாளி. அவள் மாணவர் அட்டையை எடுத்துக் காட்டிவிட்டு அங்கேயே நின்றாள். அடுத்ததாக நான்கு பேர் படத்தை நோக்கி வந்தார்கள். ஷாமிலா மறுபடியும் முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.