நட்சத்திர விரிசல்

படகின் முன்பக்கத்து விரிசலை என் கைபேசிப் படத்தில் பெரிதாக்கிப் பார்த்தாள் பிசின் அக்கா. ஃபைபர் படகு பழுதுபார்ப்பதில் கரைகண்டவள். அவள் பட்டறைக்குள் கால் வைத்தால் செருப்பு தரையோடு ஒட்டிக்கொள்ளும், பெயர் வந்தது அப்படித்தான்.

"மேல ஜெல் கோட் பூசினா போதுமாக்கா? வெள்ளைப் பூச்சுதானே வெடிச்சிருக்கு?"

"யாரு சொன்னா?"

"அப்பா. பூசி மூடிடு, நோண்டாதன்னாரு."

நோண்டாமல் இருக்க எனக்குத் தெரிந்தால் இங்கே ஏன் வருகிறேன்? படகு அப்பாவுடையது, ஓட்டியது என் கணவர். போன மாதம் படகைத் துறையில் கொண்டுவந்து கட்டும்போது துறை மேடையில் லேசாக உரசிவிட்டார். மறுநாள் இந்த விரிசல். இனி மாப்பிள்ளை படகுப் பக்கமே வர வேண்டாம் என்று அப்பா ஒரே போடாகப் போட்டுவிட்டார். இவரும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் மீன் கிடங்கில் பெட்டி தூக்கப் போய்விட்டார். இருவரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பது நான்.

"உரசினா கோடு இழுக்கும்," என்றாள் அக்கா. "வெளிய முட்டினா பெரும்பாலும் வட்டம் வட்டமா வெடிக்கும். இது பாரு, ஒரு புள்ளியிலேர்ந்து நட்சத்திரம் மாதிரி நாலா பக்கமும் ஓடுது. அடி உள்ளேர்ந்து விழுந்திருக்கு."

"உள்ளேர்ந்து யாருக்கா அடிப்பா?"

"அத நீ போய்ப் பாரு. உள்ள உடைஞ்சத விட்டுட்டு மேல பூசினா நாலு அலைக்குத் தாங்காது. மொதல்ல உள்பக்கம் தேய்ச்சு, ஃபைபர் மேட் துணி வெச்சு பிசின் விடு. அப்புறம் வெளிய விரிசலக் கீறி அகலமாக்கி ஜெல் கோட் நிரப்பு. மேல பிளாஸ்டிக் தாள் போட்டு மூடிடு. காத்து பட்டா பிசுபிசுன்னே இருக்கும்."

காற்று பட்டால் காயாத பூச்சா? ஏன், எப்படி என்று குடையத் தொடங்கினேன். "மொதல்ல முன்பக்கத்துப் பலகையத் தூக்கி உள்ள பாரு, போ," என்று விரட்டிவிட்டாள்.

படகு நிற்கும் கொட்டகைக்கு வந்து அதில் ஏறி, முன்பலகையைத் தூக்கி டார்ச் அடித்தேன். உள்ளே கிடந்த நங்கூரத்தை நகர்த்தினேன். விரிசலுக்கு நேர் உள்ளே, நங்கூரத்தின் நுனி அளவுக்கு ஒரு குழி. சுற்றிலும் ஃபைபர் வெளுத்து நொறுங்கியிருந்தது. அந்த நங்கூரத்தை அப்பா வேறு யாரையும் தொட விடமாட்டார்.

நிமிர்ந்தால் கொட்டகை வாசலில் அவரே நிற்கிறார்.

"பட்டறைக்காரி என்ன சொன்னா?"

"அடி உள்ளேர்ந்து விழுந்ததாம்."

அவர் கவிழ்த்திருந்த வாளி மேல் உட்கார்ந்தார். "கை வழுக்கிடுச்சு."

"அத அன்னைக்கே சொல்லித் தொலைக்கறதுக்கென்ன? தெனம் அவரு முதுகு வலியோட வந்து படுக்கறாரு. பாத்துட்டுத்தானே இருக்கீங்க?" எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"சொல்லத்தான் வந்தேன். அதுக்குள்ள மாப்பிள்ளையே வந்து, தப்பு என்னுது மாமா, மன்னிச்சிடுங்கன்னு கண்கலங்கி நின்னாரு. அதுக்கப்புறம் வாய் வரல. அவரப் படகுல பாக்கப் பாக்க எனக்கே தாங்கல. அதான் வர வேணாம்னுட்டேன்."

என் கணவர் மன்னிப்புக் கேட்டது எனக்கே தெரியாது. யார் மேல் கோபப்படுவது என்று விளங்கவில்லை.

"வேலை முடிஞ்சு வரட்டும், இங்க கூட்டிட்டு வரேன்," என்றேன்.

"வேணாம்." அப்பா எழுந்து சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். "கிடங்குக்கே போறேன். அங்க எல்லாரும் அவரப் படகை உடைச்சவர்னுதானே நெனச்சிட்டிருக்காங்க. அவங்க முன்னாடியே சொல்றேன்."